அக்கா மகளை மணந்த பேரரசர்: முதலாம் லியோபோல்டின் குடும்பக் கணக்கு

"லாஸ் மெனினாஸ் ஓவியத்தில் நடுவில் நிற்கும் சிறுமியை அவளுடைய சொந்த மாமாவே கட்டிக்கொண்டாராமே, அதனால்தான் அவர்கள் பிள்ளைகள் எல்லாம் செத்து, ஹாப்ஸ்பர்க் வம்சமே அழிந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மாமா கட்டினாரா? பிள்ளைகளின் சாவுக்கு ரத்த உறவு காரணமா? வம்சம் அதனால் முடிந்ததா? முதலாவதற்கு ஐயமே இல்லாமல் ஆம். இரண்டாவதற்கு, காரணங்களில் ஒன்றாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு, ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் அதையே சொல்ல முடியாது. மூன்றாவது, மாட்ரிடிலிருந்து ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் கிளைக்குப் பெரும்பாலும் பொருந்தும், வியன்னாவிலிருந்து ஆண்ட கிளைக்குப் பொருந்தாது. மூன்றையும் ஒன்றாகக் கலந்து சொல்வதால்தான் குழப்பம் வருகிறது.

முதலில் ஆட்கள். சிறுமி மார்கரிட்டா தெரேசா, 1651 ஜூலை 12 அன்று மாட்ரிடில் பிறந்தவள். அப்பா ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப். அம்மா மரியானா, வியன்னாவில் ஆண்ட பேரரசர் மூன்றாம் பெர்டினாண்டின் மகள். மாப்பிள்ளை முதலாம் லியோபோல்ட், 1640 ஜூன் 9 அன்று வியன்னாவில் பிறந்தவர், 1658 முதல் 1705 வரை புனித ரோமப் பேரரசர். மரியானா இவருக்கு ஐந்தரை வயது மூத்த, கூடப்பிறந்த அக்கா. ஆக மார்கரிட்டா அக்கா மகள். இதோடு நிற்கவில்லை. மார்கரிட்டாவின் அப்பா பிலிப், லியோபோல்டின் அம்மா மரியா அன்னாவுக்கு உடன்பிறந்த அண்ணன். அதனால் அவள் மாமன் மகளும் ஆகிறாள். இந்த இரட்டை உறவை ஐரோப்பிய மொழிகளில் சொல்ல ஒரு பத்தி தேவைப்படுகிறது. நமக்கு "அக்கா மகள், மாமன் மகள், இரண்டு வழியிலும் முறைப்பெண்" என்றால் முடிந்துவிடும்.

இந்தக் கதை ஒரு தலைமுறை முன்னாலேயே தொடங்குகிறது. மரியானாவை முதலில் பேசி வைத்தது பிலிப்பின் மகன் பல்தசார் கார்லோசுக்கு. அந்த இளவரசன் 1646-ல் இறந்துபோனான். பிலிப்பும் மனைவியை இழந்திருந்தார், ஆண் வாரிசு கிடையாது. மகனுக்குப் பேசிய பெண்ணை 1649-ல் அவரே மணந்தார். அவருக்கு 44 வயது, பெண்ணுக்கு 14. அவர் அவளுக்குத் தாய்மாமன். இந்த மாமன் - மருமகள் தம்பதிக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் மூத்தவள் மார்கரிட்டா, கடைசி மகன் 1661-ல் பிறந்த இரண்டாம் கார்லோஸ். இடையில் பிறந்த மூவரும் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். பிறகு மார்கரிட்டாவையும் அவளுடைய தாய்மாமனுக்கே கொடுத்தார்கள். அடுத்தடுத்த இரண்டு தலைமுறையில் மாமன் திருமணம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போடும்போது இது தேவைப்படும்.

"அப்படியென்றால் நம் ஊர் வழக்கம் மாதிரிதானே" என்று தோன்றலாம். வெளித்தோற்றம்தான் ஒன்று, உள்ளே இருக்கும் விதி வேறு. நம்மிடம் முறை என்பது உறவின் வகையைப் பார்ப்பது. மாமன் மகள் முறை, சித்தப்பா மகள் தங்கை. கத்தோலிக்கத் திருச்சபை உறவின் வகையைப் பார்ப்பதில்லை, தூரத்தை மட்டும் பார்த்தது. பொது முன்னோரிலிருந்து நான்கு படிக்குள் இருந்தால் யாராக இருந்தாலும் விலக்கு, மணக்க வேண்டுமானால் போப்பாண்டவரின் விதிவிலக்கு வேண்டும். லியோபோல்டின் மூன்று மனைவிகளையும் நம் முறைப்படி வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். முதல் மனைவி இரட்டை முறைப்பெண். இரண்டாம் மனைவி கிளாவுடியா ஃபெலிசிடாஸ், ஆஸ்திரியாவின் திரோல் பகுதியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் கிளையைச் சேர்ந்தவர். அவருடைய தாத்தாவும் லியோபோல்டின் தாத்தாவும் அண்ணன் தம்பி, தந்தைகள் பங்காளிகள். நம் கணக்கில் அவர் தங்கை. மூன்றாம் மனைவி எலியோனோரே மக்டலேனா, ரைன் நதிக்கரை ஆட்சிப் பகுதிகளைக் கொண்ட நொய்பர்க் குடும்பம். அவருடைய அப்பாவும் லியோபோல்டின் அப்பாவும் பவேரிய அக்கா தங்கைக்குப் பிறந்த பிள்ளைகள். அவர்கள் அண்ணன் தம்பி முறை என்பதால் இவரும் தங்கைதான். தமிழ் முறைக்குப் பொருந்தும் திருமணம் முதலாவது மட்டுமே, ரத்தத்தில் மிக நெருக்கமானதும் அதுதான். முறை வேறு, மரபணுத் தூரம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

ஏன் இப்படி வீட்டுக்குள்ளேயே கட்டினார்கள்? ரத்தத் தூய்மை மோகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. இரண்டு நடைமுறைக் காரணங்கள் இருந்தன. ஒன்று, பெண் கிடைக்கும் வட்டம் சுருங்கியது. மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வடக்கு ஜெர்மனி, டென்மார்க், சுவீடன், இங்கிலாந்து அரச வீடுகள் புராட்டஸ்டண்ட் ஆகிவிட்டன. சம அந்தஸ்துள்ள கத்தோலிக்க வீடு என்றால் ஸ்பெயின், பவேரியா, டஸ்கனி, சவாய், பிரான்ஸ் என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவற்றிலும் பிரான்ஸ் பகை வீடு. இரண்டாவது காரணம் சொத்து. ஸ்பெயினில் மகன் இல்லாவிட்டால் மகளுக்கு நாடு போகும். அதனால் ஒரு ஸ்பானிய இளவரசியை வெளிவீட்டுக்குக் கொடுப்பது என்பது நேப்பிள்ஸ், மிலான், நெதர்லாந்து, அமெரிக்கா என்று அத்தனையின் மீதும் வெளியாளுக்கு ஓர் உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

அந்தத் தவறு, மாட்ரிட் பார்வையில், 1660-ல் நடந்தது. பிலிப்பின் முதல் தாரத்து மகள் மரியா தெரேசாவைப் பிரான்சின் பதினான்காம் லூயிக்குக் கொடுக்க வேண்டி வந்தது. அவள் ஸ்பெயின் மீதான உரிமையைத் துறந்தாள், ஆனால் அந்தத் துறப்பு 5,00,000 தங்க எஸ்குடோ வரதட்சணையோடு கட்டப்பட்டிருந்தது. பணம் கொடுக்கப்படவில்லை, எனவே துறப்பும் செல்லாது என்று லூயி வாதிட்டார். மீதமிருந்த ஒரே மகள் மார்கரிட்டா. அவளை வியன்னாவுக்குக் கொடுத்தால் சொத்து குடும்பத்தைவிட்டுப் போகாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லூயியின் அம்மா ஆன், லியோபோல்டின் அம்மா மரியா அன்னாவின் அக்கா. ஆக லூயி லியோபோல்டுக்குப் பெரியம்மா மகன், இரண்டு வயது மூத்த அண்ணன். லியோபோல்ட் மார்கரிட்டாவை மணந்ததும் இருவரும் சகலைகளும் ஆனார்கள். ஸ்பானிய வாரிசுரிமைப் போர் என்று பாடப்புத்தகத்தில் படிப்பது, அடிப்படையில் ஒரு மாமனார் சொத்துக்கு இரண்டு சகலைகள் போட்ட வழக்கு.

வியன்னா பக்கம் அவசரம் இன்னும் அதிகம். லியோபோல்ட் உயிர் பிழைத்த மகன்களில் இரண்டாமவர், திருச்சபைப் பணிக்கென்று வளர்க்கப்பட்டவர். அண்ணன் நான்காம் பெர்டினாண்ட் 1654-ல் பெரியம்மையில் இறந்ததால்தான் அரியணை இவர் பக்கம் வந்தது. (அந்த அண்ணன் பேரரசராக முடிசூடவே இல்லை. பேரரசர்கள் வரிசையில் நான்காம் பெர்டினாண்டைத் தேடிக் குழம்புகிறவர்கள் பலர்.) 1662-ல் சித்தப்பா லியோபோல்ட் வில்ஹெல்ம் போனார், 1664-ல் தாய் வேறான தம்பி கார்ல் யோசப் போனான், 1665-ல் திரோல் கிளையின் கடைசி ஆணும் போனார். 1665 செப்டம்பரில் பிலிப்பும் இறந்தபோது, ஐரோப்பாவையே ஆண்ட குடும்பத்தில் உயிரோடு இருந்த ஆண்கள் இரண்டே பேர்: வியன்னாவில் 25 வயது லியோபோல்ட், மாட்ரிடில் நடக்கவே சிரமப்பட்ட, நான்கு வயது நிறையாத சிறுவன் கார்லோஸ். லியோபோல்டின் ஒவ்வொரு திருமண முடிவையும் இந்த "இரண்டே பேர்" என்ற நிலையை வைத்துப் படிக்க வேண்டும். இல்லையென்றால் அவர் கல்நெஞ்சக்காரராகத் தெரிவார்.

ஓவியம் பற்றி ஒரு திருத்தம். லாஸ் மெனினாஸை ஸ்பானிய அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸ் மாப்பிள்ளைக்கு அனுப்ப வரைந்தார் என்று இணையத்தில் சுற்றுகிறது. அது தவறு. 1656-ல் வரைந்த அந்தப் பெரிய ஓவியம் ஸ்பானிய அரண்மனைக்கானது, இன்றும் மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. பெண்ணின் வளர்ச்சியைக் காட்ட வியன்னாவுக்குப் போனவை தனி உருவப்படங்கள்: சுமார் மூன்று வயதில் இளஞ்சிவப்பு உடை, ஐந்து வயதில் வெள்ளை உடை, எட்டு வயதில் நீல உடை. மூன்றும் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெண் பார்க்கும் படலம் ஐந்தாறு ஆண்டு நீண்டது என்பதற்கு அவையே சாட்சி.

1666 ஏப்ரலில் மாட்ரிடில் மாப்பிள்ளை இல்லாமலே, பதிலாள் நிற்க, திருமணம் நடந்தது. அதே மாதக் கடைசியில் கிளம்பிய மணப்பெண் தெனியா துறைமுகம், பார்சிலோனா, மிலான், ரொவெரேட்டோ என்று சுற்றி டிசம்பர் 5 அன்று வியன்னாவுக்குள் வந்தாள். டிசம்பர் 12 அன்று நேரில் மீண்டும் திருமணம். அவளுக்கு 15 வயது, அவருக்கு 26. சில நூல்களில் ஏப்ரல் தேதியும் சிலவற்றில் டிசம்பர் தேதியும் இருப்பது இதனால்தான், இரண்டும் சரியே. கொண்டாட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1667 ஜனவரியில் அரண்மனை முற்றத்தில் குதிரை நடனம் நடந்தது. அந்தோனியோ செஸ்தியின் "இல் போமோ தோரோ" என்ற மாபெரும் இசை நாடகம் 1668 ஜூலையில், அவளுடைய பிறந்தநாளையொட்டி, இரண்டு நாளாகப் பிரித்து நடத்தப்பட்டது. அவள் அவரைக் கடைசிவரை "மாமா" என்றே அழைத்தாள், அவர் அவளை "கிரேட்டல்" என்று செல்லமாகக் கூப்பிட்டார் என்று சொல்வது வழக்கம். இருவருக்கும் இசையில் ஈடுபாடு இருந்தது, மணவாழ்க்கை நன்றாகவே இருந்தது என்பதை மறுக்கக் காரணம் இல்லை. ஆனால் ஆறே ஆண்டில் அவள் உடல் அனுபவித்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1667 செப்டம்பரில் மகன் பெர்டினாண்ட் வென்சல் பிறந்தான், 1668 ஜனவரி 13 அன்று இறந்தான். 1669 ஜனவரியில் மகள் மரியா அன்தோனியா. 1670 பிப்ரவரியில் யோகான் லியோபோல்ட், பிறந்த அன்றே போய்விட்டான். 1672 பிப்ரவரியில் மரியா அன்னா, இரண்டு வாரம் இருந்தாள். இடையிடையே கருச்சிதைவுகள். 1673 மார்ச் 12 அன்று, மீண்டும் கருவுற்றிருந்த நிலையில், மார்கரிட்டா இறந்தாள். வயது 21. லியோபோல்ட் வெறும் இசை ரசிகர் அல்ல, தேர்ந்த இசையமைப்பாளர். அவளுக்காக இரங்கல் திருப்பலி இசையை அவரே எழுதினார், அது இன்றும் பாடப்படுகிறது.

முதல் மகன் இறந்த துயரம் வெறும் வீட்டுத் துயரமாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1669-70ல் வியன்னாவின் யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தன் இழப்புகளுக்கு யூதர்களே காரணம் என்று நம்பிய பேரரசி இதைத் தூண்டினாள் என்பது பரவலான கூற்று. அவளுடைய பக்தியும் பகையும் உண்மைதான், ஆனால் நகர வணிகர்களும் மதகுருமார்களும் அதற்கு முன்பிருந்தே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையெழுத்திட்டது லியோபோல்ட். பழியை 18 வயதுப் பெண் மீது மட்டும் போடுவது நியாயமாகாது. யூதர்கள் வாழ்ந்த பகுதிக்கு லியோபோல்ட்ஸ்டாட் என்று பேரரசர் பெயரையே வைத்து, தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் தேவாலயம் எழுப்பினார்கள். சில ஆண்டுகளிலேயே போர்ச் செலவுக்கு யூத வணிகர் சாமுவேல் ஓப்பன்ஹைமரையே நாட வேண்டியிருந்தது.

இனி ரத்த உறவுக் கணக்கு. இதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். அப்பாவில் தொடங்கி, மேலே ஏறி ஒரு பொது முன்னோரைத் தொட்டு, இறங்கி அம்மாவில் முடியும் ஒவ்வொரு பாதையையும் எழுதுங்கள். பாதையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அப்பா அம்மா இருவரையும் சேர்த்து, அத்தனை முறை பாதியைப் பெருக்குங்கள். எல்லாப் பாதைகளையும் கூட்டினால் பிள்ளையின் அகக்கலப்புக் கெழு வரும். மகள் மரியா அன்தோனியாவுக்குப் போடுவோம். லியோபோல்ட், மூன்றாம் பெர்டினாண்ட், மரியானா, மார்கரிட்டா: நான்கு பேர், 1/16. லியோபோல்ட், மரியா அன்னா, மரியானா, மார்கரிட்டா: இன்னொரு 1/16. லியோபோல்ட், மரியா அன்னா, மூன்றாம் பிலிப், நான்காம் பிலிப், மார்கரிட்டா: ஐந்து பேர், 1/32. அதே பாதையில் மூன்றாம் பிலிப்புக்குப் பதில் அவர் மனைவி மார்கரெத்: இன்னொரு 1/32. கூட்டினால் 3/16, அதாவது 0.1875. ஒப்பிட்டுப் பார்க்க: உறவில்லாத வீட்டில் மாமன் - அக்கா மகள் என்றால் 0.125, மாமன் மகள் மட்டும் என்றால் 0.0625.

இதோடு நிறுத்தினால் தப்பாகிவிடும். மூன்றாம் பெர்டினாண்டும் அவர் மனைவியும் அத்தை மகள் - மாமன் மகன். மூன்றாம் பிலிப்பே ஒரு மாமன் - மருமகள் திருமணத்துக்குப் பிறந்தவர். அவர் மனைவி மார்கரெத்தின் பெற்றோரும் மாமன் - மருமகள்தான். மேலே இருக்கும் இந்த முடிச்சுகளையெல்லாம் சேர்த்தால் மரியா அன்தோனியாவின் எண் 0.30-ஐத் தாண்டுகிறது. அண்ணன் தங்கைக்குப் பிறந்த பிள்ளைக்கு 0.25 என்பதை நினைத்துப் பாருங்கள். கையால் போடுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் மூன்று. ஒரே ஆளை ஒரே பாதையில் இருமுறை எழுதுவது. பொது முன்னோரே அகக்கலப்பில் பிறந்தவராக இருந்தால் அந்தப் பாதையை (1 + அவருடைய கெழு) கொண்டு பெருக்க மறப்பது. மூன்றாவதுதான் அதிகம் நடப்பது, பெயர்க் குழப்பம். இந்தக் குடும்பத்தில் மரியா அன்னாக்கள் மட்டும் ஒரு டஜன். லியோபோல்டின் அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி, ஒரு மகள், இன்னொரு மகள் எல்லோரும் அதே பெயர். எப்போதும் பிறந்த ஆண்டைப் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள்.

இந்த எண் என்ன சொல்கிறது? ஒரு மரபணு இடத்தில் அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரின் ஒரே பிரதியாக இருக்கும் வாய்ப்பு. அவ்வளவுதான். நோயின் சதவீதம் அல்ல, ஆயுளின் கணிப்பு அல்ல. இதற்கு இந்தக் குடும்பமே சான்று. கார்லோசின் கெழு 0.254 என்று 2009-ல் வெளிவந்த மரபியல் ஆய்வு கணக்கிட்டது. ஒரே பெற்றோர் என்பதால் மார்கரிட்டாவின் எண்ணும் அதுவேதான். தம்பி காலந்தாழ்ந்து நடந்து, காலந்தாழ்ந்து பேசி, வாழ்நாளெல்லாம் நோயில் கிடந்து, இரண்டு மணம் செய்தும் பிள்ளை இல்லாமல் 1700-ல் இறந்தான். அக்கா ஆறு ஆண்டில் நான்கு பிள்ளை பெற்றாள். மகள் மரியா அன்தோனியா, இருவரையும்விட உயர்ந்த எண்ணோடு, 16 வயதில் பவேரிய ஆட்சியாளர் மாக்ஸ் இமானுவேலை மணந்து மூன்று மகன்களைப் பெற்றாள். மறைந்து கிடக்கும் கேடான மரபணு எந்தப் பிள்ளையில் இரட்டையாகச் சேரும் என்பது சீட்டுக் குலுக்கல் போல. எண் ஏறினால் வாய்ப்பு ஏறும், யாருக்கு விழும் என்று அது சொல்லாது.

இப்போது பிள்ளைகளின் சாவு. மூன்று மனைவிகளையும் அருகருகே வைத்தால்தான் நிதானம் வரும். மார்கரிட்டாவுக்கு நான்கு பிள்ளைகள், மூவர் நான்கு மாதத்துக்குள் போனார்கள். இரண்டாம் மனைவி கிளாவுடியாவை 1673 அக்டோபரில், ஏழே மாத இடைவெளியில், கிராட்ஸ் நகரில் மணந்தார். அவர் லியோபோல்டுக்கு இரண்டு தலைமுறை தள்ளிய உறவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் உறவு என்றாலும் ரத்த நெருக்கம் மார்கரிட்டாவைவிடக் குறைவு. இரண்டு பெண் குழந்தைகள், ஒன்று மூன்று மாதத்திலும் ஒன்று ஒன்பது மாதத்திலும் இறந்தன. அம்மாவும் 1676 ஏப்ரலில் காசநோயில் இறந்தார், வயது 22. ரத்த உறவு மட்டுமே காரணம் என்றால் இந்தக் குழந்தைகளை எங்கே வைப்பது? மூன்றாவதாக 1676 டிசம்பரில் பாசாவ் நகரில் எலியோனோரேவை மணந்தார். அவர் கிளாவுடியாவைவிடவும் தூரத்து உறவு. 17 பிள்ளைகளில் மூத்தவர். பிள்ளைப்பேறு வளமான வீடு என்பது அந்தத் தேர்வில் வெளிப்படையாகவே எடைபோடப்பட்டது. 10 பிள்ளைகள் பிறந்தார்கள், ஓராண்டுக்குள் போனவர்கள் இருவர், இரண்டு வயதுக்கு முன்பின்னாக ஒருவன். ஐந்து பேர் முப்பது வயதைத் தாண்டினார்கள்.

நான்கில் மூன்று, பத்தில் இரண்டு என்ற வேறுபாடு ரத்த உறவின் சுமையை நோக்கிக் கை காட்டுகிறது என்று நான் கருதுகிறேன். ஹாப்ஸ்பர்க் குடும்பங்களைப் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தவர்களும் அந்தப் பக்கமே வந்தார்கள். ஆனால் நான்கு பிள்ளைகளை வைத்து ஒரு விதி எழுத முடியாது. 16 வயதுத் தாய், மூச்சுவிடாத அடுத்தடுத்த கர்ப்பம், ரத்தம் வடிய விடும் மருத்துவம், தூய்மையற்ற பேறு முறை ஆகியவையும் அதே தொட்டிலைச் சுற்றி இருந்தன. குழந்தைப் பருவம் தாண்டியவர்களைக் கொன்றது பெரும்பாலும் பெரியம்மை. அது முறைப்பெண் பிள்ளை, அந்நியப் பெண் பிள்ளை என்று பார்க்கவில்லை. எலியோனோரேவின் மகள்கள் மரியா தெரேசியா 12 வயதிலும் மரியா யோசேபா 16 வயதிலும் அதில் போனார்கள். மூத்த மகன், பேரரசர் முதலாம் யோசப், 1711-ல் 32 வயதில் அதே நோயில் இறந்தார்.

தாடை பற்றிக் கேட்கவில்லை என்றாலும் அடுத்து அதுதான் வரும். லியோபோல்ட் அச்சடித்த வெள்ளி நாணயங்களில் துருத்திய கீழுதடும் தாடையும் அப்படியே இருக்கின்றன, அவர் அதை மறைக்கச் சொல்லவில்லை. குடும்பத்தில் அந்தச் சாயல் இருந்தது உறுதி. ஆனால் நெருங்கிய மணங்கள் தொடங்கும் முன்பே, 1459-ல் பிறந்த முதலாம் மாக்சிமிலியனிடமே அது தெரிகிறது. எனவே அதை உண்டாக்கியது உள்மணம் அல்ல. உள்மணம் அதைக் கெட்டிப்படுத்தியிருக்கலாம் என்பதே நிற்கக்கூடிய வாதம். 2019-ல், ஹாப்ஸ்பர்க் குடும்பத்தினர் 15 பேரின் 66 உருவப்படங்களை முகத்தாடை அறுவை மருத்துவர்கள் மதிப்பிட்ட ஆய்வு அந்தத் தொடர்பைக் கண்டது. ஓவியர்கள் அரசரைக் கொஞ்சம் அழகாக்கி வரைந்திருப்பார்கள் என்ற ஐயம் அதில் எப்போதும் உண்டு. கார்லோசின் உடற்கூறு ஆய்வில் மிளகளவு இதயம் இருந்தது என்று ஒரு வாசகம் சுற்றுகிறது. மிளகளவு இதயத்தோடு யாரும் 38 வயது வரை வாழ்ந்திருக்க முடியாது. அதை மருத்துவச் சான்றாக எடுக்காதீர்கள்.

வம்சம் முடிந்ததா? இங்கே மார்கரிட்டாவின் மகள்தான் முக்கியம். மரியா அன்தோனியாவைத் திருமணத்துக்கு முன் ஸ்பெயின் உரிமையைத் துறக்கும்படி அப்பா லியோபோல்டே செய்தார். அந்த உரிமை தன் மகன்களுக்கு வரட்டும் என்பது அவர் எண்ணம். மாட்ரிட் அந்தத் துறப்பை ஏற்கவில்லை. அவள் 1692 அக்டோபரில் யோசப் பெர்டினாண்டைப் பெற்று, இரண்டு மாதம் முடியும் முன் டிசம்பர் 24 அன்று, 23 வயதில் இறந்தாள். முன்னால் பிறந்த இரு மகன்களும் தங்கவில்லை. அந்தக் கடைசிக் குழந்தையை லூயி உட்படப் பலரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய வாரிசாக 1698-ல் பேசி முடித்தார்கள், கார்லோசும் அவன் பெயருக்கே உயில் எழுதினார். 1699 பிப்ரவரி 6 அன்று, பிரசெல்சில், ஆறு வயதில் அவன் இறந்தான். 1700-ல் கார்லோஸ் இறந்தார், அடுத்த ஆண்டு ஸ்பானிய வாரிசுரிமைப் போர் தொடங்கி 1714 வரை நீண்டது. லியோபோல்ட் அதன் முடிவைப் பார்க்கவில்லை, 1705 மே 5 அன்று வியன்னாவில் காலமானார்.

மாட்ரிட் கிளையின் முடிவுக்கு உள்மணம் பெரும் காரணம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. வியன்னா கிளையின் ஆண் வழி முடிந்தது வேறு விதம். யோசப்பின் ஒரே மகன் குழந்தையிலேயே போனான், இரண்டு மகள்கள் பிழைத்தார்கள். தம்பி ஆறாம் கார்லின் ஒரே மகனும் 1716-ல் ஏழு மாதத்தில் போனான், அவருக்கும் மகள்கள். இவ்விருவரின் மனைவியரும் வெளிவீட்டுப் பெண்கள், பிரவுன்ஷ்வைக் குலத்தவர். ரத்த நெருக்கத்தை இங்கே குற்றம் சாட்ட இடமில்லை, மகள் பிறந்தால் வம்சம் முடிந்தது என்று எழுதும் வழக்கம்தான் "அழிவு" என்ற சொல்லைக் கொண்டுவருகிறது. கார்லின் மகள் மரியா தெரேசியா 1736-ல் லொரேன் குலத்துப் பிரான்சிஸ் ஸ்டீபனை மணந்து 16 பிள்ளைகள் பெற்றாள். அந்த மாப்பிள்ளையின் பாட்டி, லியோபோல்டின் தாய் வேறான தங்கை எலியோனோரா. அண்ணன் பேத்தியும் தங்கை பேரனும், நம் கணக்கில் சரியான முறை. ஹாப்ஸ்பர்க்-லொரேன் என்ற பெயரில் 1918 வரை ஆண்டது அவர்கள் வழி வந்தவர்கள்தான்.